எச்சிலில் இல்லை நம் ஊர்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் படித்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு கருத்து வலுத்து வருகிறது. சீனர்களுக்குக் குலப்பெயர் இருக்கிறது. பெட்டாலிங் தெருவின் கோடியில் சான் குலத்தார் நூறாண்டுக்கு முன் எழுப்பிய குலமாளிகை இன்றும் நிற்கிறது. வெள்ளையருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு அப்பா பெயரைத் தவிர ஒன்றுமில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, தாத்தா பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கையில் காகிதமும் இல்லை. ஆகவே ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால்தான் நாம் யார், எந்த ஊர், யாருக்கு உறவு என்பது தெரியும். இரத்தம் பொய் சொல்லாது என்கிறார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களின் ஏக்கம் உண்மையானது. கப்பலேறி வந்த முப்பாட்டனின் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்பது வலிக்கும். ஆனால் அந்த வலிக்குக் கைகாட்டப்படும் மருந்து தவறானது. கேட்ட கேள்விக்கு அது பதில் தராது. கேட்காத சில தொல்லைகளை வீட்டுக்குள் கொண்டுவரும். எல்லாவற்றையும்விட மோசம், பதிலை உண்மையாகவே வைத்திருக்கும் மனிதர்களையும் ஏடுகளையும் நாம் தேடிப் போகாமல் அது நம்மை உட்கார வைத்துவிடும்.

முதலில் இந்த முறை எங்கே பிறந்தது, எதனால் அங்கே பலித்தது என்று பார்ப்போம். ஆண்களிடம் மட்டுமுள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றி இறங்குகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே தடத்தில் போவதால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தம் குடும்பப் பெயரையே தாங்கிய ஆண்களைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. நிறுவனம் தொடங்கி, பெயர் வாரியாகச் சோதனைக் குழுக்கள் முளைத்தன. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களை ஆராய்ந்தார்கள். அரிய பெயர்களில் இரத்த ஒட்டு பலமாக இருந்தது. ஸ்மித் போன்ற பரவலான பெயர்களில் அந்த ஒட்டு இல்லை. ஊருக்கு ஊர் ஒரு கொல்லர் இருந்தார். ஊருக்கு ஊர் ஸ்மித் குடும்பம் தனித்தனியாகத் தோன்றியது.

ஆகவே அந்தச் சோதனை பலிக்க இரண்டு தேவை: பெயர் தலைமுறை தாண்டி நிலைக்க வேண்டும், அந்தப் பெயரை முதலில் சூடியவர்கள் மிகச் சிலராக இருக்க வேண்டும். முனியாண்டி, பெருமாள், ஆறுமுகம், சுப்பிரமணியம் என்ற நம் பெயர்களை இந்த அளவுகோலில் வையுங்கள். இவை ஸ்மித்தைவிடப் பரவலானவை. மகன் காலத்தில் அடையாளமாக நிற்கும் பெயர் பேரன் காலத்தில் விலகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த நம்மவரின் பாரத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறிவிடுகிறது. அங்கே பிறக்கும் பிள்ளை தாத்தா பெயரை நிரந்தரமாகச் சுமக்கிறது. மெல்பர்னில் இரண்டு பெருமாள் குடும்பங்கள் சந்தித்து, நாம் ஒரே வம்சமா என்று சோதனை செய்வதில் பொருளே இல்லை. இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே சாமியின் பெயரை வைத்தார்கள் என்பதைத் தவிர அங்கே வேறு செய்தி கிடையாது.

குடும்பப் பெயர் இல்லாததை ஒரு குறையாக நினைப்பதே இந்த மயக்கத்தின் வேர். தமிழரிடம் தலைமுறை தாண்டி ஒட்டிக்கொண்ட பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பிள்ளை, முதலியார், கவுண்டர், தேவர் என்ற சாதிப் பட்டம்தான் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைக் களையச் சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். பட்டத்தை உதறி, அப்பா பெயரோடு நின்றவர்கள் தெரிந்தே நின்றார்கள். அவர்கள் விட்டொழித்ததை நாம் பெறாமல்போன சொத்தாக எண்ணிப் பெருமூச்சு விடுவது அவர்களுக்குச் செய்யும் நன்றியாகாது.

குடும்பப் பெயர் இல்லாவிட்டால் பரம்பரையைத் தேட முடியாது என்ற வாதத்துக்கு ஐஸ்லாந்து ஒன்றே போதும். அங்கேயும் பெரும்பாலோர் நம்மைப் போலத் தந்தை பெயரையே தாங்குகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுகிறது. ஆனால் உலகிலேயே தன் முன்னோர் வரிசையை மிக முழுமையாக அறிந்த நாடுகளில் அது முன்னணியில் நிற்கிறது. தேவாலயப் பதிவுகள், குடிமதிப்பு ஏடுகள், பழைய வம்ச வரலாறுகள் எல்லாவற்றையும் கோத்து அமைத்த ‘இஸ்லெண்டிங்காபோக்’ என்ற தரவுத்தளம் 2003 முதல் அந்நாட்டு மக்களுக்குத் திறந்திருக்கிறது. எந்த இரு ஐஸ்லாந்தியரும் எந்த மூதாதையில் சந்திக்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்நாட்டின் புகழ்பெற்ற மரபணு ஆய்வு நிறுவனமான டீகோட், இந்த வம்சாவளி ஏட்டின் மேல் நின்றுதான் தன் ஆய்வுகளைக் கட்டியது. ஏடு முதலில் இருந்தது. மரபணு அதன் துணையால் பேசியது.

நம் பெயர் முறையும் அதே வகைதான். அதன் பலத்தை நாம் பயன்படுத்தவே இல்லை. உங்கள் சூராட் பெரானாக்கை (பிறப்புச் சான்றிதழை) எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர், அப்பா பெயர், அப்பா பெயரோடு ஒட்டிய தாத்தா பெயர் மூன்றும் இருக்கின்றன. அம்மா பெயரும் அவர் தந்தையின் பெயரும் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை, இரண்டு வழி. தாத்தாவின் பிறப்புப் பதிவோ திருமணப் பதிவோ கிடைத்தால் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி மேலேறும். மூன்று தலைமுறையும் ஸ்மித் என்று எழுதிய தாளைவிட இது நிறையச் சொல்கிறது.

சரி, பெயரை விட்டுவிடுவோம். சோதனை உறவினரைக் கண்டுபிடிக்குமே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 1910 வாக்கில் அண்ணன் கப்பலேறி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார், தம்பி லால்குடிப் பக்கமே தங்கிவிட்டார் என்று வையுங்கள். அவர்களின் பிள்ளைகள் முதல் சுற்று உறவு. பேரப்பிள்ளைகள் இரண்டாம் சுற்று. அதற்கடுத்தவர்கள் மூன்றாம் சுற்று. இன்று கிள்ளானில் இருபத்தைந்து வயதில் இருப்பவர் பெரும்பாலும் நான்காம் சுற்றில் நிற்கிறார். மூன்றாம் சுற்று வரை சோதனை பெரும்பாலும் உறவைப் பிடித்துவிடும். நான்காம் சுற்றில் உண்மையான உறவினர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேரிடம் சோதனை கண்டுகொள்ளும் அளவுக்குப் பொருந்தும் துண்டு ஒன்றும் மிஞ்சியிருக்காது. நம் மக்கள் பிரிந்த காலத்தையும் சோதனை தடுமாறத் தொடங்கும் எல்லையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான தொல்லையும் நமக்கு உண்டு. மாமன் மகளை, அத்தை மகனை, அக்காள் மகளைக் கட்டிய சமூகம் நம்முடையது. உறவுக்குள்ளேயே பல நூறாண்டு பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் ஒரே மரபணுத் துண்டுகள் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றன. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூலத்திலிருந்து பெருகியவை என்றது. இப்படிப்பட்ட குழுவில் பிறந்த ஒருவருக்கு நிறுவனத்தின் கணினி மூன்றாம் சுற்று உறவு என்று யாரையாவது காட்டினால், அந்த இருவருக்கும் பொதுவான பாட்டன் உண்மையில் பத்துத் தலைமுறைக்கு அப்பால் இருக்கலாம். ஒருவராக அல்லாமல் பலராகவும் இருக்கலாம். ஐரோப்பியருக்கு வகுத்த கணக்கை அப்படியே நமக்குப் போட்டால் வரும் விடை இது.

ஊர் தெரியுமே என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். சோதனை தென்னிந்தியா என்று சொல்லும். நல்லவேளை அமைந்தால் தமிழ்நாடு என்று சொல்லும். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். தஞ்சாவூரா, திருச்சியா, சேலமா, வடஆர்க்காடா என்பதுதான் கேள்வி. அந்த மாவட்டத்தில் எந்தக் கிராமம் என்பதுதான் கேள்வி. அந்தக் கிராமத்தில் தங்கிவிட்ட தம்பியின் வாரிசு அதே நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பியிருந்தால் ஒழிய எந்தக் கணினியும் அதைச் சொல்ல முடியாது. நாற்று நடும் வீட்டிலிருந்து யார் அனுப்பப் போகிறார்கள்? கடாரம் வென்ற சோழரின் வழிவந்தோமா என்று பார்க்கலாம் என்பாரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கச் சோழ மன்னர் எவருடைய மரபணுவும் யாரிடமும் இல்லை. அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

இதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. இரத்தம் பொய் சொல்லாது என்பவர்கள் குடும்பம் என்றாலே இரத்தம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த மண்ணில் நம் குடும்பங்கள் அப்படி உருவாகவில்லை. மலாயாத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்த் தாய்மார்கள் வாங்கி வளர்த்தார்கள். அந்தப் பெண்கள் தமிழில் தாலாட்டுக் கேட்டு, தமிழ்ப்பள்ளியில் படித்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தி, தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றார்கள். அப்படிப்பட்ட பாட்டி இருக்கும் வீடுகள் கிள்ளானில் கொஞ்சநஞ்சமல்ல. ஒய் குரோமோசோம் சோதனையில் அந்தப் பாட்டி இடம்பெறவே மாட்டாள். மொத்த மரபணுவையும் பார்க்கும் சோதனை அவளைக் கிழக்காசியச் சதவீதமாக மாற்றிக் காட்டும். அவளை வளர்த்த தாயின் பெயர், அந்தத் தாயின் ஊர், அவள் சொல்லித்தந்த நடவுப் பாட்டு எதற்கும் அந்தச் சதவீதத்தில் இடமில்லை. பேரப்பிள்ளைகளின் வாயில் இருக்கும் தமிழ் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் சோதனை தவறான ஆளைக் காட்டும்.

சயாம் மரண ரயிலையும் நினைத்துப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக நம் ஆண்களை இழுத்துப்போனார்கள். பெருந்தொகையினர் திரும்பவில்லை. மறுமணம் செய்த விதவைகளின் பிள்ளைகள் சிற்றப்பன் பெயரையோ வளர்த்தவர் பெயரையோ தாங்கிப் பள்ளிக்குப் போனார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளைப் பக்கத்து லயத்துக்காரர்கள் (தோட்ட வரிசைவீட்டார்) தம் பிள்ளைகளாகப் பதிந்துகொண்டார்கள். இந்தப் பெயர்களுக்கும் இரத்தத்துக்கும் முரண் கண்டுபிடிப்பது சோதனைக்கு எளிது. ஆனால் அந்த முரணில் பொய் எதுவும் கிடையாது. பசியும் காய்ச்சலும் நிறைந்த காலத்தில் ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் சோறு போட்ட வரலாறு அங்கே இருக்கிறது. அதை மனிதர் வாயால் கேட்டால்தான் வரலாறாக விளங்கும். ஆய்வுக்கூட முடிவாக வந்தால் குடும்ப இரகசியம் என்ற பெயரில் வீட்டைக் கலைக்கும்.

ஒய் குரோமோசோம் நம் முன்னோரில் எத்தனை பேரைக் காட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். ஐந்து தலைமுறைக்கு மேலே நமக்கு 32 முன்னோர். அதில் ஒருவரைத்தான் அந்தத் தடம் தொடும். விடியலுக்கு முன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்கு இணையாகப் பால்மரம் வெட்டிய பெண்களின் உழைப்பில் நாம் வளர்ந்தோம். அவர்களில் ஒருத்தியைக்கூடத் தொடாத தடத்தைப் பரம்பரை என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

அடுத்து, வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயம். நம்மிடையே இந்தச் சோதனை மேல் பிறக்கும் ஆசையில் சாதி ஆசையும் கலந்திருக்கிறது. எச், எல், ஆர்1ஏ, ஜே2 என்ற ஒய் வகைகளைச் சாதிகளோடு முடிச்சுப் போட்டு, எங்கள் இரத்தம் இன்னது என்று பேசும் பழக்கம் வளர்கிறது. இந்த வகைகள் எல்லாம் ஏற்ற இறக்கத்தோடு பல சாதிகளிலும் காணப்படுகின்றன; எந்த வகையும் எந்தச் சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை. இந்தியாவில் பரவலான இரத்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுக்கு முன்பிருந்து சுமார் 1,900 ஆண்டுக்கு முன்பு வரை நடந்தது என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வேலி பின்னால் போடப்பட்டது. தோட்டங்களில் சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்து வைத்த கொடுமையைத் தாண்டி வந்த பிள்ளைகள், அதே வேலியை ஆய்வுக்கூட முத்திரையோடு திரும்ப நடக்கூடாது.

டி.என்.ஏ. சோதனை எங்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறப்பைத் தாமதமாகப் பதியவேண்டிய பிள்ளைக்கு, தாய் தந்தை இவர்கள்தான் என்று நிறுவ அந்தச் சோதனை கைகொடுக்கும். அடையாள அட்டை இல்லாமல் பள்ளியும் வேலையும் அடைபட்டு நிற்கும் நம் ஏழைப் பிள்ளைகளுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. தத்துப்போன ஒருவர் பெற்றவளைத் தேடுவதும் நியாயம். பரம்பரை நோய்களை முன்கூட்டி அறிவதும் நியாயம். இவை எல்லாம் பெற்றோர், உடன்பிறந்தோர், நோய் என்ற நெருங்கிய கேள்விகள். அங்கே சோதனை உறுதியாகப் பேசும். கறுப்பின அமெரிக்கர்கள் இதை நாடுவதும் எனக்குப் புரிகிறது. அவர்களின் முன்னோரை விற்றவர்கள் பெயரையே அழித்தார்கள். நம் முன்னோரும் வதைபட்டே வந்தார்கள். ஆனால் பெயரோடு வந்தார்கள், பட்டியலில் ஏறி வந்தார்கள், வந்து நான்கைந்து தலைமுறைதான் ஆகிறது.

இந்த வம்சச் சோதனையின் விலையும் பணத்தோடு முடிவதில்லை. நீங்கள் அனுப்பும் எச்சிலில் உங்கள் அண்ணன், அத்தை, பிறக்காத பேரன் எல்லோருடைய தகவலும் போகிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவாலாகி, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் ஏலப் பேச்சுக்கு வந்தது. கடவுச்சொல்லை மாற்றலாம். மரபணுவை எப்படி மாற்றுவது?

அப்படியானால் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையைப் புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். கங்காணி முன்பின் தெரியாத ஊரில் ஆள் பிடிக்கவில்லை. தன் சொந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போய், சொந்தபந்தங்களையும் தெரிந்தவர்களையும் கூட்டி வந்தார். அதனால் ஒரு தோட்டத்தின் லயம் பெரும்பாலும் தமிழ்நாட்டின் ஒரு மூலையிலிருந்து எழுந்து வந்து அமர்ந்தது. முதலில் இறங்கிய தோட்டமும் கங்காணியின் பெயரும் தெரிந்தால் ஊரை நெருங்கிவிட்டோம். அதே தோட்டத்தில் வளர்ந்த இன்னொரு குடும்பம் ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருக்கும். குலதெய்வம் அடுத்த திறவுகோல். தந்தை வழியில் இறங்கும் குலதெய்வத்தின் பெயரும், ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்து கோயில் எழுப்பிய கதையும் ஒரு கிராமத்தின் எல்லைக்கே கொண்டு சேர்க்கும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தராக வந்த யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தக் குடும்பங்களில் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்டால் பெரியவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். கடிதம் எழுதினார்கள், காகிதம் காத்தார்கள், ஊர்ப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்காமல் போனது எழுத்தறிவும் ஓய்வும்தான். இன்று அந்த இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.

ஏடுகளும் இருக்கின்றன. தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு), தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருப்பணி நன்கொடைக் கல்வெட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, மணியார்டர் துண்டு, சிவப்பு அடையாள அட்டை, பிரிட்டிஷ் இந்தியக் கடப்பிதழ் எல்லாமே சான்றுகள். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் மரண அறிவிப்புகளில் ஊர்ப் பெயரும் உறவு முறையும் உண்டு. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை கேட்டுப் போனாலும், தலைமுறைக்குத் தலைமுறை தொடர்பு காட்டும் இந்த வகை ஆவணங்களைத்தான் கேட்பார்கள். தென்னிந்தியர் 98 விழுக்காடு என்ற அச்சுத் தாள் அங்கே செல்லாது.

இந்த ஏடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. தோட்டம் கைமாறும்போதும், தோட்டப்பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறும்போதும் முதலில் குப்பைக்குப் போவது பழைய பதிவேடு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் படமெடுத்துப் பாதுகாத்தால் ஐஸ்லாந்தின் தேவாலய ஏட்டுக்கு இணையான ஒன்று நமக்கும் உருவாகும். கோயில் நிர்வாகங்கள் கல்வெட்டைப் பெயர்த்தெறிந்து பளிங்கு பதிக்கும் முன் அதைப் படியெடுக்க வேண்டும். சோதனைப் பெட்டிக்கு ஒரு குடும்பம் செலவிடும் பணத்தில் ஒரு தோட்டத்தின் பதிவேட்டையே படமெடுத்துவிடலாம்.

ஏடுகளுக்கும் முந்தியது வீட்டிலிருக்கும் பெரியவர். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், கங்காணி யார், கிராணி யார், பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள், குலதெய்வம் எது, ஊரிலிருந்து கடிதம் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நம் மரபணு எங்கும் ஓடிவிடாது. நம் பேரப்பிள்ளைகளின் உடலிலும் அது இருக்கும். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இதைவிட நல்ல கருவியில், இதைவிட மலிவாகச் சோதிக்கலாம். எண்பத்தைந்து வயது பாட்டியின் நினைவுக்கு அந்த அவகாசம் கிடையாது. தேடலைத் தொடங்க விரும்புகிறவர்கள் இந்த வாரமே அவரிடம் போய் உட்கார வேண்டும்.